உடைந்தது இரண்டு இதழ், கிடைத்தது ஐந்து

காற்று விழுந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. பாயைச் சுருட்டிக் கட்டிவிட்டு இன்ஜினில் வந்துகொண்டிருந்தோம். நிமிடத்துக்கு 2,400 சுற்று, சத்தத்தில் எந்த மாற்றமும் இல்லை. படகின் பின்புறம், அமரத்தில் உட்கார்ந்திருந்த தம்பிதான் முதலில் கவனித்தான்.

"அண்ணே, புகை வெள்ளையா வருது பாரு. தண்ணி துப்புறதும் கம்மியா இருக்கு."

நான் எட்டிப் பார்ப்பதற்குள் அலாரம் அடித்துவிட்டது. வழக்கமாக 80 டிகிரியைத் தாண்டாத முள் 98-ல் நின்றது. வேகத்தைக் குறைத்து, கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, புகைக்குழாயைப் பார்த்தேன். முன்பெல்லாம் அது விட்டு விட்டு வாய் நிறையத் தண்ணீரைக் கொப்பளிக்கும். இப்போது ஒழுகியது, அவ்வளவுதான். இன்ஜினை நிறுத்திவிட்டு, கிடைத்த சிறு காற்றுக்குப் பாயை ஏற்றி, மெதுவாகக் கரை சேர்ந்தோம்.

வெள்ளையாக வந்தது புகை அல்ல, நீராவி. இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதி வேலை மிச்சம். நீராவி கொஞ்ச தூரத்திலேயே காற்றில் கரைந்துவிடும். எரியாத டீசலின் வெண்புகை தண்ணீருக்கு மேல் தாழ்வாகத் தங்கும், நாற்றமும் இருக்கும், கண்ணும் எரியும். எங்களுடையது கரைந்து போனது. அதாவது, சூடான புகைக்குழாய்க்குப் போதுமான கடல்நீர் வந்து சேரவில்லை.

இது மூன்று சிலிண்டர், 30 குதிரைத்திறன் இன்ஜின். இதில் இரண்டு தண்ணீர் ஓடுகிறது. உள்ளே மூடிய சுற்றில், இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட். பெல்ட்டில் ஓடும் பம்ப் அதை இன்ஜின் உடம்புக்குள் சுழற்றுகிறது, சூட்டில் தானாகத் திறக்கும் தெர்மோஸ்டாட் அதன் போக்கைக் கட்டுப்படுத்துகிறது. வெளியே கடல்நீர். படகின் அடியில் உள்ள வால்வு வழியாக ஏறி, வடிகட்டியைத் தாண்டி, ரப்பர் இம்பெல்லர் (தண்ணீரைத் தள்ளும் இதழ்ச் சக்கரம்) சுழலும் பம்புக்குள் புகுந்து, ஹீட் எக்ஸ்சேஞ்சரின் மெல்லிய குழாய்களுக்குள் ஓடி கூலன்டின் சூட்டை வாங்கிக்கொண்டு, கடைசியில் புகைக்குழாயின் வளைவான எல்போவில் புகையோடு கலந்து வெளியே போகிறது. கூலன்டும் கடல்நீரும் ஒன்றையொன்று தொடுவதில்லை, சூடு மட்டும்தான் கைமாறுகிறது. ஆகவே சூடு ஏறினால் என் முதல் கேள்வி, கோளாறு எந்தத் தண்ணீரில் என்பது.

இன்ஜின் முழுக்க ஆறும் வரை கூலன்ட் மூடியைத் தொடவில்லை. மூடியின் ஸ்பிரிங் ஏறக்குறைய 0.9 பார் அழுத்தத்தை உள்ளே பிடித்து வைத்திருக்கும். அதனால் 100 டிகிரியைத் தாண்டினாலும் கூலன்ட் கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திறந்த கணத்தில் அழுத்தம் போய் மொத்தமும் கொதித்து முகத்தில் அடிக்கும். ஆறிய பிறகு திறந்தேன். அளவு குறையவில்லை, எண்ணெய்ப் படலமும் இல்லை. பெல்ட்டை விரலால் அழுத்தினேன், ஒரு சென்டிமீட்டர் இறங்கியது. அதிலும் குறை இல்லை. உள் தண்ணீரை அப்போதைக்கு ஒதுக்கி வைத்தேன்.

முள் உண்மையைத்தான் சொல்கிறதா என்பதையும் சோதித்துக்கொண்டேன். சென்சார் ஒயரின் எர்த் சரியாக இல்லாவிட்டால் முள் தன் இஷ்டத்துக்கு ஏறும். லேசர் புள்ளி வைத்த அகச்சிவப்பு வெப்பமானி இதற்கு நல்ல கருவி. ஆனால் பளபளப்பான உலோகத்தில் நேராகக் காட்டினால் அது உண்மையைவிட மிகக் குறைவாகச் சொல்லும். நான் அளக்க வேண்டிய இடங்களில் எல்லாம் கறுப்பு டேப் துண்டு ஒட்டி, டேப்பின் மேல் அளந்தேன். தெர்மோஸ்டாட் கூட்டின் மேல் ஒன்று, கடல்நீர் ஹீட் எக்ஸ்சேஞ்சருக்குள் நுழையும் இடத்தில் ஒன்று, வெளியேறும் இடத்தில் ஒன்று. பிறகு வந்த இரண்டு வாரமும் இந்த மூன்று டேப் துண்டுகள்தான் எனக்கு வழிகாட்டின.

படகை மேடையோடு இறுக்கிக் கட்டி, கியர் போட்டு, 2,400 சுற்றில் சில நிமிடம் ஓட்டினேன். கூலன்ட் 95-ஐத் தொட்டது. கடல்நீர் 29 டிகிரியில் நுழைந்து 54-ல் வெளியேறியது. 25 டிகிரி ஏற்றம்! இந்த ஒரு எண் எவ்வளவோ சொல்லிவிடுகிறது. ஒரு கிலோ தண்ணீர் ஒரு டிகிரி சூடேற 4.18 கிலோஜூல் வேண்டும். இந்தச் சுற்றில் இன்ஜின் கூலன்டுக்குள் கொட்டும் சூடு ஏறக்குறைய 14 கிலோவாட் என்று வைத்துக்கொண்டால், நிமிடத்துக்கு 20 லிட்டர் கடல்நீர் ஓடும்போது அது 10 டிகிரிதான் சூடாகும். 25 டிகிரி சூடாகிறதென்றால் ஓடுவது நிமிடத்துக்கு வெறும் 8 லிட்டர். தண்ணீர் நிறைய ஓடியும் எக்ஸ்சேஞ்சர் குழாய்களில் உப்புப் படிவு பிடித்திருந்தால் கதை வேறாக இருக்கும். கடல்நீரின் ஏற்றம் எப்போதும்போல 10 டிகிரியிலேயே நிற்கும், கூலன்ட் மட்டும் ஏறிக்கொண்டே போகும். எனக்குக் கிடைத்த எண், தண்ணீர் போதவில்லை என்று நேராகச் சொன்னது.

வாளிச் சோதனையும் அதையே சொன்னது. தம்பி சிறு தோணியில் இறங்கி, 10 லிட்டர் வாளியைப் புகைக்குழாய்க்குக் கீழே பிடித்துக்கொள்ள, நான் 1,000 சுற்றில் வைத்துக் கடிகாரம் பார்த்தேன். வாளி நிறைய 140 விநாடி.

உறிஞ்சும் பக்கத்திலிருந்து தொடங்கினேன். வடிகட்டியில் நாலு இழை பாசி, ஒரு சின்ன சிப்பி, அவ்வளவுதான். எங்கள் படகில் பம்ப் நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. பம்புக்கு வரும் ஹோஸைக் கழற்றி, வாயைத் தாழ்த்தி வாளியில் விட்டு, வால்வைத் திறந்தேன். குபுகுபுவென்று வந்தது. வால்வு, வடிகட்டி, ஹோஸ் மூன்றும் ஒரே அடியில் தேறிவிட்டன. ஹோஸை நெடுக அழுத்தியும் பார்த்தேன், ஏனென்றால் பழைய ஹோஸின் உள் ரப்பர் உரிந்து, வேகமாக உறிஞ்சும்போது மட்டும் உள்ளே ஒட்டிக்கொள்ளும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. எங்களுடையது கெட்டியாகத்தான் இருந்தது.

அடுத்து பம்ப். ஆறு பித்தளைத் திருகுகளைக் கழற்றி மூடியை எடுத்தேன். தலையை ஸ்டாண்டுக்கு அடியில் நுழைத்து, ஒரு கையில் டார்ச், மறு கையில் ஸ்க்ரூடிரைவர். திருகு ஏதாவது அடித்தொட்டியில் விழுந்துவிடாமல் இருக்க, கீழே ஒரு பழைய துணியை விரித்திருந்தேன், அதுவே இரண்டு திருகுகளைக் காப்பாற்றியது. ஆறு இதழ் கொண்ட இம்பெல்லரில் நான்குதான் இருந்தன. இரண்டு, அடியோடு பிய்ந்து போயிருந்தன. மீதி நான்கின் வேர்களிலும் குறுக்காக வெடிப்பு, விரலால் வளைத்தால் வாய் பிளந்தது. மூடியின் உள் முகத்தில் இம்பெல்லர் தேய்த்துத் தேய்த்து நகம் மாட்டும் அளவுக்கு வட்டமாகப் பள்ளம் விழுந்திருந்தது.

அந்த நேரத்தில் எனக்கு வந்த நிம்மதியைச் சொல்ல வேண்டும். குற்றவாளி கையில் கிடைத்துவிட்டான் என்று நினைத்தேன். புது இம்பெல்லரைக் கிளிசரின் தடவி, சுற்றும் திசைக்கு இதழ்களை மடக்கி உள்ளே தள்ளினேன். மூடியைக் கண்ணாடித் தகட்டின் மேல் வைத்த நுண் எமரித் தாளில் தேய்த்துச் சமமாக்கினேன். மூடிக்கு அடியில் கசிவைத் தடுக்கும் காகித கேஸ்கெட்டை மட்டும் பழையதன் தடிமனிலேயே வெட்டினேன். தடித்த தாளில் வெட்டிவிட்டால் இம்பெல்லரின் பக்கவாட்டில் இடைவெளி விழும், தண்ணீர் அந்த இடுக்கு வழியே திரும்பி ஓடும், புது இம்பெல்லரும் பழையதைப் போலத்தான் இறைக்கும்.

வாளி இப்போது 95 விநாடியில் நிறைந்தது. 140-லிருந்து 95. பெரிய முன்னேற்றம்தான். ஆனால் கட்டிய நிலையில் 2,400 சுற்றில் பத்து நிமிடம் ஓட்டியபோது கூலன்ட் மெல்ல மெல்ல ஏறி 92-ல் போய் நின்றது. கடல்நீர் ஏற்றம் 16 டிகிரி. 25 அல்ல, சரி. ஆனால் 10-ம் அல்ல.

அடுத்த அரை நாளை நான் தெர்மோஸ்டாட்டில் செலவழித்தேன். 16 என்ற எண் தெளிவாகக் கடல்நீர்ப் பக்கத்தைக் காட்டிக்கொண்டிருந்தபோது உள் தண்ணீர்ப் பக்கம் போயிருக்கத் தேவையில்லை. இம்பெல்லர் மாற்றியாயிற்று, ஆகவே கடல்நீர்ப் பக்கம் முடிந்தது என்று மனம் கதவைச் சாத்திவிட்டிருந்தது. தெர்மோஸ்டாட்டைக் கழற்றி, ஒரு பாத்திரத்துத் தண்ணீரில் நூலில் தொங்கவிட்டு, வெப்பமானியோடு சூடாக்கினேன். பாத்திரத்தின் அடியில் படாமல் தொங்க வேண்டும், இல்லாவிட்டால் அடுப்புச் சூட்டைத்தான் அளப்போம். 77 டிகிரியில் வாய் திறக்கத் தொடங்கி, 90-ல் முழுக்கத் திறந்தது. பழுதே இல்லை. அதே கேஸ்கெட்டைத் திரும்பப் போடாமல் புதியது வைத்து மூடினேன்.

தம்பிதான் கேட்டான். பம்ப் மூடியைத் துடைத்துக்கொண்டே, சாதாரணமாக.

"அண்ணே, அந்த ஒடஞ்ச ரெண்டு துண்டு எங்க போச்சு?"

பம்புக்குள் இல்லை. கழற்றும்போதே விரல் விட்டுப் பார்த்தேன். பம்புக்குப் பின்னால் இருக்கும் ஹோஸிலும் இல்லை. தண்ணீர் போகும் வழியில் அடுத்த குறுகல் எது? ஹீட் எக்ஸ்சேஞ்சரின் முகப்பு. பென்சில் நுழையாத அளவு மெல்லிய குழாய்கள் கற்றையாக நிற்கும் இடம். ரப்பர் துண்டு அதைத் தாண்டிப் போகவே முடியாது.

கூலன்டை வடித்து, முனை மூடியின் நடுப் போல்ட்டைக் கழற்றினேன். மூடி அசையவில்லை. ஓரத்தில் மரச் சுத்தியலால் சுற்றிச் சுற்றி மெல்லத் தட்டியதும் "பொத்" என்று விலகி, கறுப்புத் தண்ணீர் கையில் வழிந்தது. டார்ச்சை அடித்துப் பார்த்தேன். குழாய்க் கற்றையின் முகத்தில், உதிர்ந்த இலைகள் சாக்கடைக் கம்பியில் அடைத்துக்கொள்வதுபோல, ரப்பர் துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அப்பிக் கிடந்தன. அவற்றின் இடுக்கில் உடைந்த துத்தநாகக் கட்டை ஒன்று. அரிப்பைத் தன்மேல் வாங்கிக்கொள்ள எக்ஸ்சேஞ்சரில் திருகி வைத்திருக்கும் துத்தநாகக் கம்பி கரைந்து மெலிந்து, முனை முறிந்து இங்கே விழுந்திருந்தது. முப்பதுக்கும் மேற்பட்ட குழாய்களில் பதினொன்று முழுக்க மூடியிருந்தன.

மூக்கு நீண்ட இடுக்கியால் துண்டு துண்டாக எடுத்து, வெள்ளைத் துணியில் பரப்பினேன். எல்லாம் கிடைத்ததா என்று தெரிய வேண்டும் என்பதால் உடைந்த ஜாடியை ஒட்டுவதுபோலச் சேர்த்துப் பார்த்தேன். முதல் இதழ் இரண்டு துண்டில் முழுமையானது. இரண்டாவது மூன்று துண்டில். கணக்கு முடிந்தது. ஆனால் துணியில் இன்னும் துண்டுகள் மிச்சம் இருந்தன.

அவை வேறு மாதிரி. நான் கழற்றிய இம்பெல்லரின் ரப்பர் இன்னும் வளையும். இவை பேக்கலைட் போல இறுகி, வளைத்தால் முறிந்தன. முனையில் இருக்கும் உருண்டை விளிம்பும் கொஞ்சம் பெரியது. மேலே வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. அவற்றையும் சேர்த்துப் பார்த்தேன். மூன்று இதழ்கள். எங்கள் இம்பெல்லரில் இழந்தது இரண்டு, எக்ஸ்சேஞ்சரில் கிடைத்தது ஐந்து.

படகோடு வந்த பழைய பதிவேட்டை எடுத்துப் புரட்டினேன். நாங்கள் வாங்குவதற்கு முன்பு எழுதப்பட்ட ஒரு வரி அதில் இருந்தது: "சூடு ஏறியது. இம்பெல்லர் மாற்றப்பட்டது. சரி." அப்போது பிய்ந்த மூன்று இதழ்கள் அன்றிலிருந்து இங்கேயே உட்கார்ந்திருக்கின்றன. தண்ணீருக்குக் கொஞ்சம் வழி மிச்சம் இருந்ததால் இன்ஜின் சமாளித்திருக்கிறது. பின்னால் பம்ப் அந்த அடைப்பை எதிர்த்து நாளெல்லாம் தள்ளியதும் அடுத்த இம்பெல்லர் சீக்கிரம் களைத்துப் போக ஒரு காரணமாக இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன். முன்பு வைத்திருந்தவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நானும் சரியாக அதே இடத்தில்தான் நிறுத்தினேன். தம்பி கேட்டிருக்காவிட்டால் நானும் அதே வரியைத்தான் எழுதியிருப்பேன். இம்பெல்லர் மாற்றுவதைத் தனி வேலையாக நினைப்பதை அன்றோடு விட்டேன். இதழ் உடைந்திருந்தால், உடைந்த கடைசித் துண்டும் துணிக்கு வந்து சேர்ந்த பிறகுதான் அந்த வேலை முடிகிறது.

குழாய்க் கற்றையை வெளியே உருவியதால் அதைச் சுத்தமும் செய்துவிட்டேன். மெல்லிய மூங்கில் குச்சியால் ஒவ்வொரு குழாயையும் குத்தி விட்டேன். இரும்புக் கம்பி வேண்டாம், குழாயின் சுவர் மெல்லியது, கீறல் விழுந்த இடத்தில் அரிப்பு ஆரம்பித்து ஒருநாள் கூலன்டும் கடல்நீரும் கலந்துவிடும். பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் சிட்ரிக் அமிலம் கரைத்து ஊறப் போட்டேன். நுரை பொங்கிக்கொண்டு வந்தது. படிந்த சுண்ணாம்பு கரையும்போது வெளிவரும் கரியமில வாயு அது, நுரை அடங்கினால் வேலை முடிந்தது என்று அர்த்தம். ரப்பர் வளையங்களையும் அலுமினியக் கூட்டையும் அமிலத்துக்கு அருகிலேயே விடவில்லை. நல்ல தண்ணீரில் அலசி, சமையல் சோடா கலந்த தண்ணீரில் ஒருமுறை முக்கி, மறுபடி அலசினேன். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தபோது எல்லாக் குழாய்களிலும் மறுபக்கம் தெரிந்தது. புது ரப்பர் வளையங்கள், புது துத்தநாகக் கம்பி.

கூலன்டை ஊற்றும்போது அவசரப்படவில்லை. வேகமாக ஊற்றினால் தெர்மோஸ்டாட்டுக்கு அடியில் காற்று மாட்டிக்கொள்ளும், எல்லாம் சரியாக இருந்தும் சூடு ஏறும். கூட்டின் மேலுள்ள காற்றுத் திருகைத் தளர்த்தி, ஹோஸ்களைப் பிசைந்து விட்டுக்கொண்டே, குமிழி இல்லாமல் கூலன்ட் கசியும் வரை ஊற்றினேன். இன்ஜினை ஓட்டி, ஆறவிட்டு, மறுபடி நிரப்பினேன். அரை லிட்டர் இறங்கியிருந்தது.

இங்கே ஒரு எச்சரிக்கை. வேலை முடிந்து ஸ்டார்ட் செய்யும்போது இன்ஜின் பிடிக்கவில்லை என்றால் தொடர்ந்து செல்ஃப் அடிக்கக் கூடாது. செல்ஃபில் சுற்றும்போதும் கடல்நீர் பம்ப் இறைத்துக்கொண்டே இருக்கும். தண்ணீரை வெளியே தள்ளப் புகை அழுத்தம் இல்லாததால் அது சைலன்சரில் நிறைந்து, மேலேறி, சிலிண்டருக்குள் புகுந்துவிடும். இரண்டு மூன்று முறை அடித்தும் பிடிக்காவிட்டால் கடல்நீர் வால்வை மூடிவிட்டு முயல வேண்டும், இன்ஜின் பிடித்த உடனே திறந்துவிட வேண்டும். எங்களுடையது முதல் அடியிலேயே பிடித்தது.

வாளி 62 விநாடியில் நிறைந்தது. தம்பி தோணியிலிருந்து கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான், கை முழங்கை வரை நனைந்திருந்தது. 2,400 சுற்றில் கூலன்ட் 80, கடல்நீர் 29-ல் நுழைந்து 38-ல் வெளியேறியது.

கடலுக்குப் போய் ஓட்டினோம். ஒரு மணி நேரம் 2,400-ல் முள் அசையவே இல்லை. 3,000-க்கு ஏற்றியதும் மெதுவாக 87-க்குப் போனது, பின்னால் கரும்புகை. முழு வேகத்திலும் 3,200-ஐத் தாண்டவில்லை, இந்த இன்ஜின் 3,600 வரை போக வேண்டும். கரும்புகை என்றால் டீசலுக்குப் போதிய காற்று இல்லை. ஒன்று, சுமை அதிகம், அதாவது ப்ரொப்பல்லரிலும் அடிப்புறத்திலும் கொட்டலசு (ஒட்டி வளரும் ஓடுள்ள சிறு கடலுயிரி) அப்பியிருக்கும். இல்லை, புகை வெளியேற வழி இல்லை. நங்கூரம் போட்டு, இன்ஜினை நிறுத்தி, சாவியைக் கையோடு எடுத்துக்கொண்டு தம்பி முங்கிப் பார்த்தான். ப்ரொப்பல்லர் சுத்தமாக இருந்தது.

அப்படியானால் எல்போ. திரும்பி வந்து கழற்றினேன். பெருவிரல் தாராளமாக நுழைய வேண்டிய வழியில் சுண்டுவிரல்தான் போனது. புகைக்கரியும் உப்பும் சேர்ந்து கல் போல இறுகியிருந்தன. தண்ணீர் உள்ளே பாயும் துளையைச் சுற்றித்தான் மிக மோசம். உளியால் செதுக்கிப் பார்த்தேன், ஓர் இடத்தில் உலோகமும் பொருக்காக உதிர்ந்து உளியோடு வந்தது. இதைச் சுத்தம் செய்து திரும்ப மாட்டுவதில் அர்த்தமில்லை என்று புதிய எல்போவே வாங்கிப் போட்டேன். அது ஓட்டையாகி, சூடான புகையும் உப்புத் தண்ணீரும் இன்ஜின் அறைக்குள் பீச்சினால் சூடு ஏறுவதைவிடப் பெரிய ஆபத்து.

மறுநாள் காலை, அலையில்லாத கடலில் கடைசி ஓட்டம். 3,000-ல் 81. முழு வேகத்தில் 3,500 சுற்று, 83, புகையில் நிறமே இல்லை.

பதிவேட்டில் பழைய வரிக்குக் கீழே மூன்று டேப் துண்டுகளின் எண்களையும் வாளி விநாடிகளையும் எழுதினேன். ஐந்து இதழ்களின் துண்டுகளையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுப் பதிவேட்டின் உள் அட்டையில் ஒட்டிவைத்தேன். பம்பின் அடியில் இருக்கும் வடிதுளையில் இப்போது உப்பு பூக்க ஆரம்பித்திருக்கிறது. தண்டைச் சுற்றியுள்ள சீல் கசியத் தொடங்கியிருக்கிறது. அடுத்த வாரம் பம்பை முழுக்க இறக்க வேண்டும்.